பழைய பாம் எம்100-ஐப் படிப்புக்கு எப்படிப் பயன்படுத்தலாம்

மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து பஸ் ஏறி டவுனுக்குப் படிவம் ஆறு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) படிக்கப் போகிற பிள்ளைகளே, பழைய பாம் எம்100 என்ற கையடக்க மின்னணு நாட்குறிப்புக் கருவி எங்காவது மலிவாகக் கிடைத்தால் தயங்காமல் வாங்குங்கள். 2000-இல் வந்த கருவி, நினைவகம் 2 எம்பிதான், திரையில் வண்ணம் கிடையாது. இணையமும் இல்லை, அதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது, ஏனென்றால் வீட்டுப்பாடத்தைக் குறிக்க எடுத்த கை வீடியோ பக்கம் போகாது. பள்ளிக்குக் கொண்டுபோவதற்கு முன் ஆசிரியரிடம் அனுமதி கேட்டுவிடுங்கள்.

வாங்கும்போதே பேட்டரி மூடியைத் திறந்து உள்ளே துரு, கசிவு இருக்கிறதா என்று பாருங்கள். தொட்ட இடம் ஒன்று, திறப்பது வேறொன்று என்றால் பிரெஃப்ஸ் என்ற அமைப்புகள் பகுதியில் டிஜிட்டைசர் என்று இருக்கும், அதில் சரி செய்யலாம்.

அடுத்தது எழுத்து. இதற்குக் கிராஃபிட்டி என்று பெயர், திரைக்குக் கீழே இடப்பக்கம் எழுத்து, வலப்பக்கம் எண். பெரும்பாலான எழுத்துகள் ஒரே கோடுதான்: 'ஏ' எழுத நடுக்கோடு வேண்டாம், கூரை மாதிரி மேலே ஏறி இறங்கினால் போதும். இடமிருந்து வலம் ஒரு கோடு இழுத்தால் இடைவெளி, வலமிருந்து இடம் இழுத்தால் அழியும், முற்றுப்புள்ளிக்கு இரண்டு தட்டு. மலாய்க்கு இது அருமையாகப் பொருந்துகிறது, இருபத்தாறு எழுத்துக்கு மேல் எதுவும் தேவையில்லையே! தமிழ் எழுத்து இதில் வராது, அதனால் தமிழ்ப் பாடத்துக்கு நோட்டுப் புத்தகம்தான். எழுதும் இடத்தில் கண்ணாடி டேப் ஒட்டிவிடுங்கள், கீறல் விழாது. கருவியோடு வரும் குச்சியால்தான் எழுத வேண்டும், மைப் பேனாவால் எழுதவே கூடாது.

வகுப்பு அட்டவணையை டேட் புக் என்ற நாட்காட்டியில் ஒரு தடவை போட்டு, வாரா வாரம் திரும்ப வரும்படி வைத்து, முடிவுத் தேதியாகத் தவணையின் கடைசி நாளைக் கொடுங்கள், டியூஷனுக்கு மட்டும் அலாரம் போதும். வீட்டுப்பாடம் டூ டூ பட்டியலுக்குப் போகட்டும். பாடத்துக்கு ஒரு வகை, ஒப்படைக்கும் தேதி, ஒன்று முதல் ஐந்து வரை முக்கியத்துவம். ஆசிரியர் சொல்லி முடித்த கையோடு போடுங்கள், பஸ்ஸில் போட்டுக்கொள்ளலாம் என்று விட்டால் பாதி மறந்துபோகும். குறிப்புகளுக்கு மெமோ பேட் இருக்கிறது, ஆனால் ஒரு மெமோவில் ஏறத்தாழ 4,000 எழுத்துதான் கொள்ளும், ஆகவே வரலாற்றுப் பாடத்தை அத்தியாயம் அத்தியாயமாகப் பிரித்து வையுங்கள். நண்பரிடமும் பாம் இருந்தால் இரண்டையும் எதிரெதிரே நீட்டி அகச்சிவப்பில் அனுப்பிவிடலாம், கேபிளே வேண்டாம்.

இப்போது முக்கியமான விஷயம், பேட்டரி. ரன்சிட் (மளிகை) கடையில் கிடைக்கிற டிரிபிள் ஏ இரண்டு போதும். ஆனால் நீங்கள் எழுதியதெல்லாம் அந்த மின்சாரத்தில்தான் உயிரோடு இருக்கிறது! புதிய பேட்டரியைக் கையில் வைத்துக்கொண்டுதான் பழையதைக் கழற்ற வேண்டும், ஒரு நிமிடத்துக்குள் மாற்றிவிடுங்கள். கருவி பழையது என்பதால் அந்த ஒரு நிமிடத்தையும் முழுசாக நம்பாதீர்கள், முதலில் ஹாட்சிங்க் செய்து, அதாவது கேபிளில் கணினியோடு இணைத்து, அதில் ஒரு நகல் எடுத்து வையுங்கள். இதன் கேபிள் பழைய சீரியல் வகை, இன்றைய மடிக்கணினியில் அந்தத் துளை இருக்காது. யாராவது ஒதுக்கிப்போட்ட பழைய மேசைக்கணினி கிடைத்தால் சுலபம், இல்லாவிட்டால் யுஎஸ்பி மாற்றி ஒன்று வாங்கி லினக்ஸ் கணினியில் ஜே-பைலட் என்ற, பாமோடு பேசும் மென்பொருளைப் போட்டுப் பாருங்கள். எதுவுமே அமையாவிட்டால், தேர்வுத் தேதிகளையாவது வீட்டுச் சுவரில் தொங்கும் காலண்டரிலும் குறித்துவிடுங்கள்.