ஃபெரிட்டின் நார்மல் என்று ஏமாந்த கதை

மூன்று வயது மகள் அரிசி டப்பாவில் கைவிட்டு வெறும் அரிசியாக மென்று தின்றாள். முகமும் வெளிறியிருந்தது. ரத்தம் பார்த்ததில் ஹீமோகுளோபின் 9.4. அந்த வயதில் 11-க்குக் குறைந்தால் ரத்தசோகை. ஆனால் இரும்பு இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின் 26; ரிப்போர்ட்டில் நார்மல். அதனால் இரும்புச்சத்துப் பிரச்சினை இல்லை என்றார்கள்.

அப்புறம் வயிற்றுப் பூச்சிக்கு மருந்து, பேரீச்சம்பழம், பீட்ரூட் (நிறம்தான் சிவப்பு, இரும்பு கொஞ்சம்தான்). பரம்பரையாக வரும் ரத்தசோகையான தலசீமியாவுக்கும் பரிசோதனை செய்தோம், அதுவும் இல்லை. ஒரு மாதம் வீண்.

இன்னொரு குழந்தை மருத்துவர் ரிப்போர்ட்டில் முதலில் பார்த்தது தேதியை. "அன்னிக்குக் காய்ச்சல் இருந்ததா?" இருந்தது, தொண்டைப் புண். உடம்பில் அழற்சி இருந்தால் ஃபெரிட்டின் தானாக ஏறிவிடுமாம். உலக சுகாதார நிறுவனம் ஐந்து வயதுக்குட்பட்டவர்களுக்கு வைத்திருக்கும் எல்லை 12. ஆனால் தொற்றோ அழற்சியோ இருக்கும்போது 30. அப்படிப் பார்த்தால் 26 குறைவுதான்! லேப் தாளில் இந்த இரண்டாவது எல்லை அச்சாகவே இல்லை.

காய்ச்சலின் சுவடே இல்லாத ஒரு நாளில், அழற்சி இருக்கிறதா என்று காட்டும் சிஆர்பி-யும் சேர்த்து மறுபடி எடுத்தோம். சிஆர்பி நார்மல், ஃபெரிட்டின் 7.

மருத்துவர் சொன்ன அளவில் இரும்பு சிரப் தொடங்கினோம். பாலோடு கொடுக்கவில்லை, பால் இரும்பை உறிஞ்ச விடாது. தினமும் முக்கால் லிட்டர் குடித்துக்கொண்டிருந்ததையும் குறைத்தோம். மலம் கறுத்தது, அது வழக்கம்தான். ஹீமோகுளோபின் 11-ஐத் தாண்டவே இரண்டு மாதம் ஆனது. அரிசி தின்பது மட்டும் பத்தே நாளில் நின்றுவிட்டது.