முதலில் சொதியைக் கேளுங்கள்

மட்டக்களப்பில், கல்லடியில் எங்கள் ஒழுங்கை முனையில் சைக்கிள் திருத்தும் கொட்டில் ஒன்று இருந்தது. போன மாதம் அது சாப்பாட்டுக் கடையாகிவிட்டது. ஆறு மேசை, வாசலோரம் கொத்துரொட்டி அடிக்கும் தகடு, சுவரில் கையால் எழுதிய பட்டியல்: பிட்டு, இடியப்பம், ரொட்டி, சோறு, கொத்து. எல்லாம் வீட்டில் அவிக்கிற, பிழிகிற பண்டங்கள்தாம். இப்படியான கடைக்குச் சும்மா போய் உட்கார்ந்தால் "அம்மா இதைவிட நன்றாகச் செய்வார்" என்று முணுமுணுத்துக்கொண்டே காசைக் கொடுத்துவிட்டு வர வேண்டியிருக்கும். நான் இருபது வருடமாகக் கூட்டுறவுச் சங்கமொன்றில் கணக்கு எழுதுகிறவள். அப்படிப் போகிற காசு எனக்குச் செரிப்பதில்லை. உயர்தரத்தில் ஒன்றாகப் படித்த நாங்கள் ஐந்து பேர் புதுக் கடை எது திறந்தாலும் போவோம். போய்ப் போய்ப் பழகிய முறையைச் சொல்கிறேன்.

கலண்டரைப் பார்த்து நாளைத் தீர்மானியுங்கள். எங்களில் ஒருத்தி காத்தான்குடி, அவளுக்கு ஹலால் வேண்டும். இரண்டு பேர் வெள்ளிக்கிழமை மரக்கறி. இன்னொருத்தி கத்தோலிக்கர், தவக்காலத்தில் அவளுடைய வெள்ளியும் அப்படியே. நான் எந்த நாளும் மாட்டிறைச்சி தொடுவதில்லை. ஆகவே வெள்ளி எங்களுக்கு ஒத்துவராது. போயா என்கிற பௌர்ணமி நாளில் இறைச்சிக் கடைகள் பூட்டியிருக்கும். அன்றைக்குக் கோழிக் கொத்துக் கேட்டால் வருவது முந்தின நாள் கோழி. எஞ்சியிருப்பதில் செவ்வாய் எங்களுக்கு வாய்த்தது. எங்கள் பக்கத்தில் தமிழரையும் முஸ்லிம்களையும் பிட்டும் தேங்காய்ப்பூவும் என்று சொல்வது வழக்கம். சொல்வது சரிதான், ஆனாலும் மேசையில் உட்காருமுன் கேட்க வேண்டியதைக் கேட்டுவிடுங்கள்: கோழி ஹலாலா, மாட்டுக் கொத்தும் மரக்கறிக் கொத்தும் ஒரே தகட்டிலா? நல்ல கடைக்காரர் கோபிக்க மாட்டார்.

ஐந்து பேருக்கு மேல் போகாதீர்கள். ஒரு முறை வேறொரு புதுக் கடைக்கு (பெயர் வேண்டாம்) ஒன்பது பேராகப் போனோம். ஒரு தகடு, ஒரு தம்பி, ஒன்பது கொத்து. முதல் தட்டு வந்தவள் சாப்பிட்டுக் கை கழுவும்போதுதான் கடைசித் தட்டு வந்தது. அந்தத் தம்பியில் பிழையில்லை, எங்கள் கணக்கில்தான் பிழை. நேரமும் அப்படித்தான். ஏழரைக்குப் பிறகு தகட்டுச் சத்தத்தில் ஒருவர் பேசுவது மற்றவருக்குக் கேட்காது. ஆறேமுக்காலுக்குப் போனால் பிட்டு குழலிலிருந்து நேரே தட்டுக்கு வரும்.

இனிச் சொதி, இடியப்பத்துக்கு விடுகிற தேங்காய்ப்பால் குழம்பு. எதையும் ஓடர் கொடுக்குமுன் ஐந்து இடியப்பமும் ஒரு கோப்பைச் சொதியும் கேளுங்கள். சம்பல் பிறகு வரட்டும். உறைப்பு நாக்கில் ஏறினால் சொதியைப் பற்றித் தீர்ப்புச் சொல்ல முடியாது. சொதி ஏமாற்றத் தெரியாத பண்டம். வெங்காயம், பச்சை மிளகாய், வெந்தயம், மஞ்சள், கறிவேப்பிலை எல்லாம் இரண்டாம் பாலில் அவிந்த பிறகுதான் முதற்பால் விட வேண்டும். விட்டபின் அகப்பையை எடுக்காமல் துழாவி, நுரை கூடும்போதே இறக்க வேண்டும். தேசிப்புளி இறக்கிய பிறகு. யாராவது அடுப்பை விட்டு ஒரு நிமிடம் திரும்பினாலும், பின்னேரச் சொதியை இரவில் மறுபடி கொதிக்க வைத்தாலும், பால் திரிந்து மேலே எண்ணெய் மிதக்கும். அந்தக் கோப்பையைப் பார்த்தாலே குசினியில் யாரும் கவனமாக நிற்கிறார்களா என்று தெரிந்துவிடும். கோழிப் பொரியலில் மிளகாய்த்தூளைக் கொட்டி எதையும் மறைக்கலாம். சொதியில் மறைக்க இடமில்லை. இன்னொன்று: தட்டில் லஞ்ச் சீற் விரித்துக் கொண்டுவந்தால் வெறும் தட்டுக் கேளுங்கள். சுடுசொதியைப் பொலித்தீனில் ஊற்ற நான் விடுவதில்லை.

சொதி சரியென்றால் மற்றவற்றைத் துணிந்து எடுக்கலாம். முழுக் கொத்து ஒன்று இரண்டு பேருக்குப் போதும், ஆளுக்கொன்று எடுத்து மிச்சத்தைப் பார்சல் கட்டாதீர்கள். கறியைக் கொத்தில் ஊற்றாமல் தனியாகத் தரச் சொன்னால் ரொட்டி நேற்றையதா இன்றையதா என்றும் தெரியும். மீன் எடுப்பதற்கு முன் "இன்றைக்கு என்ன மீன்?" என்று கேளுங்கள். "திரளி" என்றோ "பாரை" என்றோ உடனே பதில் வந்தால் எடுங்கள். "எல்லாம் இருக்கிறது" என்றால் பருப்போடு நிறுத்துங்கள், அதுவும் கார்த்திகை, மார்கழியில் கடல் கொந்தளிக்கிற நாட்களில். வடையும் ரோல்ஸும் அடுக்கிய தட்டு கேட்காமலே மேசைக்கு வரலாம். தொட்டதற்கு மட்டும்தான் காசு. வேண்டாமென்றால் அப்போதே திருப்பி அனுப்புங்கள், கதைத்துக்கொண்டே கை அதற்குப் போய்விடும்.

பில் வரும்போது நடக்கிற மல்யுத்தம் உங்களுக்கும் தெரிந்திருக்கும். "நான் கொடுக்கிறேன்", "இல்லை, நான்", கைப்பையை ஒருத்தி மற்றவளிடமிருந்து பறிப்பாள், காசாளர் சங்கடத்தில் கூரையைப் பார்ப்பார். நாங்கள் இதை ஒழித்துவிட்டோம். உட்காருமுன்னரே ஆளுக்கு 1,500 ரூபாய் என் கையில் வந்துவிட வேண்டும். ஒழுங்கை முனைக் கடைக்கு முதலில் போன அன்றைக்கு ஐந்து பேருக்கும் 6,150 ரூபாய் ஆனது. மிச்சத்தில் வழியில் ஒரு சட்டி எருமைத் தயிர் வாங்கிக்கொண்டு, 1924 இல் திறந்த பழைய கல்லடிப் பாலத்தில் நடந்தோம். வாகனமெல்லாம் இப்போது பக்கத்துப் புதுப் பாலத்தில் போவதால் இதில் நின்று கதைக்கலாம். வாவியில் மீன் பாடும் என்பார்கள், அது கேட்குமா என்று கத்தோலிக்கத் தோழி எப்போதும்போலக் கம்பியில் காதை வைத்தாள். எங்கள் சிரிப்புச் சத்தத்தில் அது எங்கே கேட்கும்?

குறை இருந்தால் சமைத்தவரிடம் சொல்லுங்கள், ஒன்றே ஒன்று, மற்ற மேசைக்குக் கேட்காமல். அந்தக் கடையில் சமைப்பவர் ஒரு வயதான அம்மா. கை கழுவப் போனபோது "எப்படி மனே சாப்பாடு?" என்று கேட்டார். பிட்டைப் புகழ்ந்துவிட்டு, சொதி கொஞ்சம் கூடக் கொதித்துவிட்டது என்றேன். அவர் ஒன்றும் பேசவில்லை. முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். பிட்டைப் புகழ்ந்ததோடு நின்றிருக்கலாமோ என்று பாலம் வரைக்கும் யோசித்தேன்.

அடுத்த செவ்வாய் மறுபடி போனோம். கதிரையை இழுத்து உட்காருமுன்பே ஒரு கோப்பைச் சொதி மேசைக்கு வந்தது, ஆவி பறக்க. குசினி வாசலில் அந்த அம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார். ஐந்து பேரும் மாறி மாறிக் கரண்டி போட்டோம். பால் திரியவில்லை. தேசிப்புளிதான் ஒரு சொட்டுக் கூடிவிட்டது.