நைட் டூட்டி பார்க்கும் சிஸ்டர்களுக்கு: உடம்பு எவ்வளவு தாங்குகிறது என்று அளந்து பார்ப்பது எப்படி

முதலில் ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். இதுவரை நீங்கள் மிக நன்றாக வேலை பார்த்த காலத்துக்கு 10 மதிப்பெண் என்றால், இன்றைக்கு எவ்வளவு போடுவீர்கள்? ஃபின்லாந்தில் 1980களில் உருவாக்கப்பட்ட வேலைத்திறன் குறியீட்டில் முதல் கேள்வியே இதுதான். மொத்தம் 7 பகுதிகள், 7 முதல் 49 வரை மதிப்பெண். 27 வரை மோசம், 28 முதல் 36 வரை சுமார், 37 முதல் 43 வரை நல்ல நிலை, 44ஐத் தொட்டால் மிக நன்று. நோய்கள், எடுத்த சிக் லீவ், இன்னும் 2 வருஷம் கழித்தும் இதே வேலையைச் செய்ய முடியுமா என்பதையெல்லாம் அதில் கேட்பார்கள்.

எல்லாவற்றையும் நிரப்ப நேரமில்லை என்றால் அந்த முதல் கேள்வி மட்டும் போதும். மாதக் கடைசியில் டைரியில் எண்ணை எழுதி, பக்கத்திலேயே அந்த மாதம் எத்தனை நைட், எத்தனை டபுள் டூட்டி, கிடைக்காமல் போன ஆஃப் எத்தனை என்று குறியுங்கள். டபுள் டூட்டியும் நோயாளியோடு வரும் அட்டெண்டர்களின் கத்தலும் நமக்குப் பழகிவிடுகிறது, பழகியதாலேயே சரியாகிவிட்டது என்று நினைத்துக்கொள்கிறோம், ஆனால் எண் குறைந்துகொண்டே வந்தால் அது கண்ணுக்குத் தெரிந்துவிடும்.

அடுத்தது தூக்கம். என்னைக் கேட்டால் மற்ற எல்லாவற்றையும்விட இதற்குத்தான் முதலிடம். அதிகாலை 3 முதல் 5 மணி வரை உடம்பின் விழிப்பு அடிமட்டத்தில் இருக்கும். அந்த நேரத்தில் இன்சுலின், ஹெப்பாரின், பொட்டாசியம் குளோரைடு மாதிரி அளவு தவறினால் ஆபத்தான மருந்து போடவேண்டி வந்தால் எவ்வளவு அனுபவம் இருந்தாலும் கூட இருக்கும் சிஸ்டரைக் கூப்பிட்டு ஒருமுறை சரிபார்க்கச் சொல்லுங்கள். வார்டு அமைதியாக இருந்தால் ஒருவர் பார்த்துக்கொள்ள இன்னொருவர் 20 நிமிஷம் கண் மூடலாம். குடித்த காபியில் உள்ள காஃபின் பாதியாகக் குறையவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதனால் காலை 9 மணிக்குப் படுக்கிறவர்கள் இரவு 2 மணிக்கு மேல் காபி, டீ வேண்டாம். கண் சொக்கும்போது ஸ்கூட்டியை எடுக்கவே எடுக்காதீர்கள், பஸ்ஸில் போங்கள், இல்லை யாரையாவது வரச் சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்த பிறகுதான் உண்மையான சிக்கல். ஜன்னலை மூடி, போனை சைலண்டில் போட்டுப் படுத்தாலும், பகலில் வீட்டில்தானே இருக்கிறாள் என்று சமையலும் துணியும் பிள்ளையின் ஸ்கூல் விஷயமும் தேடி வரும். இதை நைட் போகும் முன்பே வீட்டில் பேசி முடிவு பண்ணிவிடுங்கள்: மத்தியானம் 3 மணி வரை யாரும் எழுப்பக்கூடாது.

டூட்டி முடிந்து அடுத்த சிஸ்டரிடம் ஓவர் கொடுக்கும்போது நோயாளியின் படுக்கைக்குப் பக்கத்திலேயே நின்று, கேஸ் ஷீட்டைப் பார்த்துக் கொடுங்கள். வீட்டுக்குப் போனபின் ஏதாவது விட்டுப்போச்சோ என்ற பதைப்பு பாதி குறையும். நோயாளியைத் தனியாகத் தூக்க வேண்டாம், இடுப்பு போனால் திரும்பி வராது.

தூக்கமே வராமல், டூட்டி என்றாலே அழுகை வருகிற அளவுக்குப் போய்விட்டால் 14416க்குப் பேசுங்கள். அது டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு, தமிழிலும் பேசலாம்.

அப்புறம் ரோஸ்டர், அதாவது டூட்டி அட்டவணை. மார்னிங், ஈவினிங், நைட் என்று முன்னோக்கிச் சுற்றினால் உடம்பு ஓரளவு ஈடுகொடுக்கும். நைட் முடித்து உடனே மார்னிங் போடுவதுதான் ஆளைச் சாய்க்கும். வார்டு இன்சார்ஜிடம் தனியாகப் போய்ச் சொன்னால் உனக்கு மட்டும்தான் கஷ்டமா என்பார்கள். நாலைந்து பேர் டைரியில் குறித்ததைச் சேர்த்து, நைட்டுக்குப் பின் கட்டாயம் ஓர் ஆஃப் வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை எழுத்தில் கொடுங்கள், நகலில் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.