கொல்லைப்புறத்தில் கோழியும் வாத்தும்: கூடு கட்டுவதிலிருந்து கார்த்திகை மழை வரை

திருவாரூர், மன்னார்குடி பக்கம் ஆசையாகக் கோழி வாங்கி விட்டவர்களில் பலர் ஐப்பசி, கார்த்திகையோடு வளர்ப்பதையே விட்டுவிடுகிறார்கள். வெயிலில் ஒன்றிரண்டுதான் போகும். மழையில் கூடே காலியாகிவிடும். நம் ஊர்க் கோழிக்குக் குளிர் பெரிய எதிரி இல்லை, ஈரம்தான் எதிரி. வாத்து போகிற இடமெல்லாம் ஈரமாக்கும் பறவை. இரண்டையும் ஒரே கொல்லையில் வளர்க்க நினைத்தால் முதலில் யோசிக்க வேண்டியது தண்ணீர் எந்தப் பக்கம் வடியும் என்பதைத்தான்.

நான் முதல் வருஷம் இரண்டையும் ஒரே கூட்டில் அடைத்தேன். ஐப்பசி பாதி போவதற்குள் தரை சொதசொதவென்று ஆகி, ரத்தக்கழிச்சல் வந்து 6 விடைக்கோழிகள் செத்துப்போயின. வாத்துகளுக்கு ஒன்றும் ஆகவில்லை. இப்போது கூரை ஒன்று, அறை இரண்டு. அந்த முறையைத்தான் இங்கே சொல்கிறேன். 10 பெட்டை, 1 சேவல், 4 வாத்து என்று கணக்கு வைத்துக்கொள்வோம்.

எந்த மாதத்தில் தொடங்குவது

தை மாதம். மழை ஓய்ந்திருக்கும், தரை காய்ந்திருக்கும், வெயில் ஏறியிருக்காது. தையில் வாங்கும் குஞ்சு பங்குனிக்குள் தடுப்பூசிகளை முடித்துவிடும். ஐப்பசி மழைக்கு முழுக் கோழியாக நிற்கும். புரட்டாசியில் குஞ்சு வாங்கவே வாங்காதீர்கள்.

கூடு

10 அடி நீளம், 4 அடி அகலம் போதும். அதில் 6 அடி கோழிக்கு, 4 அடி வாத்துக்கு, நடுவில் தடுப்பு. கோழிக்குத் தலைக்கு 2 சதுர அடி, வாத்துக்கு 4 சதுர அடி என்பது கணக்கு. பகலில் வெளியே மேய்வதால் இரவுக்கு இது தாராளம்.

நீளவாக்கு கிழக்கு மேற்காக இருக்கட்டும். கிழக்கு, மேற்குச் சுவர்களை அடைத்துக் கட்டிவிட்டால் காலை வெயிலும் மாலை வெயிலும் உள்ளே இறங்காது. வடக்கும் தெற்கும் வலை. கோழி வலை என்று கடையில் கேட்டால் அறுகோணக் கண் வைத்த மெல்லிய வலையைத் தருவார்கள். அது கோழி வெளியே போகாமல் தடுக்கும், நாய் உள்ளே வராமல் தடுக்காது. கொஞ்சம் கூடச் செலவானாலும் அரை அங்குலக் கண் உள்ள வெல்டு மெஷ் (பற்றவைத்த கம்பிவலை) வாங்குங்கள். கீரி, மரநாய், சாரைப்பாம்பு எல்லாவற்றுக்கும் அதுதான் பதில்.

தரையை மண்மட்டத்திலிருந்து 2 அடி உயர்த்துங்கள். டெல்டாவில் இதில் சிக்கனம் பார்க்கக்கூடாது. மேலே சிமெண்ட் பூசிவிட்டால் பெருச்சாளி வளை தோண்டாது. வாத்து அறையின் தரையை மட்டும் வெளிப்பக்கம் சாய்வாகப் பூசி, மூலையில் ஒரு துளை விட்டு, அந்தத் தண்ணீரை வாழைக்குத் திருப்பிவிடுங்கள். என் வீட்டில் நல்ல தார் போடுவது அந்த ஒரு வாழைக்குத்து மட்டும்தான்.

கூரைக்குத் தகரம் மட்டும் போட்டால் சித்திரையில் அடுப்பு. கீற்று மட்டும் போட்டால் இரண்டு வருஷத்துக்குள் மாற்ற வேண்டும், செள்ளுப்பூச்சியும் எலியும் குடியேறும். நான் தகரத்தின் மேல் கீற்று வேய்ந்திருக்கிறேன். வடக்கிலும் தெற்கிலும் கூரை 3 அடி வெளியே நீண்டிருந்தால் சாரல் உள்ளே வராது. ஆனால் நீண்ட கூரையில் காற்று பிடிக்கும். 2018 நவம்பர் 16ஆம் தேதி கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரையைக் கடந்த இரவில் எங்கள் தெருவில் பறந்த தகரங்கள் எல்லாம் வெறும் ஆணியில் நின்றவை. நான்கு மூலையிலும் கம்பியால் தூணோடு இழுத்துக் கட்டிவிடுங்கள்.

கோழி தரையில் தூங்காது. 2 அடி உயரத்தில், ஒன்றரை அடி இடைவெளியில் இரண்டு கம்புகள் குறுக்கே போடுங்கள். 2 அங்குலப் பருமன் இருந்தால் கால் பிடிமானம் கிடைக்கும். முட்டையிட ஒரு அடிக்கு ஒரு அடி பெட்டிகள் மூன்று. வாத்துக்குக் கம்பும் வேண்டாம், பெட்டியும் வேண்டாம், மூலையில் வைக்கோல் போட்டால் போதும். வாசலுக்கு ஏறும் பலகை மட்டும் அகலமாக, சரிவு குறைவாக இருக்கட்டும். வாத்துக்குக் கால் வலு இல்லை. பிடிக்கும்போதும் காலைப் பிடித்துத் தூக்காதீர்கள், கழுத்தை மென்மையாகப் பிடித்து மறுகையால் வயிற்றைத் தாங்குங்கள்.

தரையில் போடுவது

நெல் உமி, கடலைத்தோல், தேங்காய் நார்க்கழிவு, எது கிடைக்கிறதோ அது. கோடையில் 2 அங்குலம், மழையில் 4 அங்குலம். வாரம் இருமுறை கிளறிவிட வேண்டும்.

ஈரம் கூடிவிட்டதா என்று தெரிந்துகொள்ளக் கை போதும். கம்புக்கு நேர் கீழே ஒரு பிடி அள்ளி இறுக்கிப் பிடித்து, விரலைத் திறந்து பாருங்கள். பொலபொலவென்று உதிர்ந்தால் சரி. கொழுக்கட்டை மாதிரி அப்படியே நின்றால் அன்றைக்கே வேலை இருக்கிறது. கோழிகளை வெளியே விட்டுவிட்டு ஈரமானதை வாரிக் குப்பைக்குழியில் போட்டு, மிச்சத்தில் இரண்டு கைப்பிடி சுண்ணாம்புத்தூள் கலந்து கிளறி, மேலே புது உமி பரப்புங்கள். குனிந்து மூச்சு இழுக்கும்போது கண் எரிந்தால் நீங்கள் ஒரு வாரம் தாமதித்துவிட்டீர்கள். கோழியின் தலை அந்த உயரத்தில்தான் இரவு முழுக்க இருக்கிறது.

குஞ்சுகளும் தடுப்பூசியும்

தாய்க்கோழி இருந்தால் பாதி வேலை அதுவே பார்த்துக்கொள்ளும். காக்கை, பருந்துக்காகப் பகலில் பஞ்சாரத்தில் கவிழ்த்து வைத்தால் போதும். தாய் இல்லாத குஞ்சுக்கு முதல் வாரம் 35 டிகிரி சூடு வேண்டும், பிறகு வாரத்துக்கு 3 டிகிரி குறைக்கலாம். பழைய குண்டு பல்பு மாட்டுங்கள், எல்இடி சூடு தராது. குஞ்சுகள் பல்புக்கடியில் குவிந்தால் சூடு பத்தவில்லை. ஓரத்தில் ஒதுங்கி வாயைத் திறந்து மூச்சு வாங்கினால் அதிகம். பரவிக் கிடந்தால் நிம்மதி.

குஞ்சுத் தீனியில் கறையானுக்கு ஈடில்லை. பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், ஓலைத்துண்டு போட்டுத் தண்ணீர் தெளித்து, கறையான் நடமாடும் இடத்தில் சாயங்காலம் கவிழ்த்து வையுங்கள். விடிந்ததும் எடுத்துத் தட்டினால் குஞ்சுகள் ஓடி வருவதைப் பார்க்கலாம்.

வெள்ளைக்கழிச்சல் வந்தபின் மருந்து கிடையாது. அதனால் 7ஆம் நாள் எஃப்-1 அல்லது லசோட்டா என்ற தடுப்பு மருந்து ஒரு சொட்டு கண்ணிலோ மூக்கிலோ, 28ஆம் நாள் திரும்ப லசோட்டா, 8ஆம் வாரம் இறக்கைக்கடியில் ஊசி. கால்நடை மருந்தகத்தில் கேட்டு நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். மருந்தை ஐஸ் போட்ட பிளாஸ்கில்தான் கொண்டுவர வேண்டும். சோர்ந்திருக்கும் குஞ்சுக்குப் போடக்கூடாது. வாத்துக்கு வாத்து பிளேக் தடுப்பூசி தனி. ஒன்று கவனியுங்கள்: வாத்து நோய்க்குறியே காட்டாமல் கோழிக்கு நோயைத் தர முடியும். இரண்டுக்கும் தண்ணீர்ப் பாத்திரம் ஒன்றாக இருக்கவே கூடாது.

வாத்துக்குத் தண்ணீர்

குளம் வேண்டும் என்பதில்லை. கண்ணும் மூக்கும் முங்கும் அளவுக்கு, ஒரு 5, 6 அங்குல ஆழத்தில் தண்ணீர் கட்டாயம் வேண்டும். முங்க முடியாத வாத்துக்குக் கண்ணில் பீளை கட்டிவிடும். வாத்து பெரும்பாலும் காலை 9 மணிக்குள் முட்டையிட்டுவிடும், அதன்பிறகு திறந்துவிடுங்கள். முன்னாடியே விட்டால் முட்டை வாய்க்காலில்தான்.

நாட்டு வாத்து சரியாக அடையில் உட்காராது. அதனால் வாத்து முட்டையை அடைக்கோழிக்கு வைப்பது நம் பழைய வழக்கம். கோழி முட்டைக்கு 21 நாள், வாத்து முட்டைக்கு 28 நாள். கோழி பொரித்த வாத்துக்குஞ்சைச் சீக்கிரம் நீந்த விடாதீர்கள். தாய்வாத்திடமிருந்து கிடைக்கும் எண்ணெய்ப்பசை அதற்கு இல்லை, நனைந்து விறைத்துவிடும். இறகு முளைத்தபிறகு விட்டேன். அம்மாக் கோழி தொட்டியைச் சுற்றிச் சுற்றி ஓடி, கரையில் நின்று கத்திய கத்தலில் பக்கத்து வீட்டு அக்கா என்னவோ ஏதோ என்று ஓடி வந்துவிட்டார்.

கோடை

கோழிக்கு வியர்க்காது. வாயைத் திறந்து மூச்சு வாங்கித்தான் சூட்டை வெளியேற்றும். பங்குனி முதல் அக்னி நட்சத்திரம் முடியும்வரை தீனியைக் காலை 8 மணிக்குள்ளும் மாலை 5க்குப் பிறகும் வையுங்கள். மண்பானைத் தண்ணீரை நிழலில் வைத்து மதியம் ஒருமுறை மாற்றுங்கள். கூரைமேல் ஈரச்சாக்கு போடலாம், உள்ளே தண்ணீர் தெளிக்காதீர்கள். அம்மை வருவது பெரும்பாலும் இந்தக் காலத்தில்தான். கொண்டையில் கொப்புளம் பார்த்தால் அந்தக் கோழியைப் பிரித்து, வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசுங்கள். அடைக்கு வைக்கும் முட்டையை ஈரமணலில் பதித்த பானைக்குள் சேர்த்து வையுங்கள். கோடையில் 4 நாளுக்கு மேல் சேர்க்க வேண்டாம்.

மழை

புரட்டாசிக் கடைசியில் உமியை முழுதாக மாற்றிவிடுங்கள். வடக்குப் பக்கம் படுதா கட்டுங்கள். அதன் அடியை நிலையாகக் கட்டி, மேலே ஏற்றி இறக்குகிற மாதிரி இருக்கட்டும். எவ்வளவு அடைமழை என்றாலும் மேலே ஒரு அடி திறந்திருக்க வேண்டும். சாரல் நின்றுவிடும், புழுக்கமும் நாற்றமும் வெளியேறும். கூட்டில் நொச்சித்தழை செருகினால் செள்ளு குறையும். கூரைக்கடியில் ஒரு மூலையில் சாம்பலும் மணலும் கொட்டி வையுங்கள், மண்குளியல் இல்லாமல் கோழி இருக்காது.

தீனி மூட்டையைச் சுவரை ஒட்டாமல் பலகைமேல் வையுங்கள். பூஞ்சை பிடித்த மக்காச்சோளம், கடலைப்பிண்ணாக்கு கோழிக்கே கெடுதல், வாத்துக்குஞ்சுக்கு விஷம். கொஞ்சம்தானே, காயவைத்துப் போடலாம் என்று நினைக்காதீர்கள். பூஞ்சையின் நஞ்சு வெயிலில் காய்ந்து போகாது. மூட்டையோடு குழியில் போட்டு மூடிவிடுங்கள்.

மார்கழியில் முட்டை குறையும், பகல் சுருங்குவதும் இறகு உதிர்வதும்தான் காரணம். நோய் என்று பயந்து மருந்து ஊற்ற வேண்டாம். கம்புத் தானியமும் கொஞ்சம் கறையானும் கூடுதலாகப் போடுங்கள், தை பிறந்தபிறகு பெட்டியை எட்டிப் பாருங்கள்.