மைனாவைக் குழுவில் போடுவதற்கு முன்

பினாங்குத் தாவரவியல் பூங்காவை ஒரு சுற்று சுற்றி வந்தாலே கைப்பேசியில் நாற்பது படம் சேர்ந்துவிடும். நாற்பதையும் அப்படியே இயற்கை ஆர்வலர்களின் புலனக் (வாட்ஸ்அப்) குழுவில் கொட்டினால் யாரும் பார்க்க மாட்டார்கள். ஓர் உயிரினத்துக்கு ஒரு படம் போதும், மிஞ்சிப்போனால் மூன்று. அதற்கு மேல் சேர்த்து அனுப்பினால் வாட்ஸ்அப் எல்லாவற்றையும் ஒரே கட்டமாகச் சுருக்கிவிடும். கட்டத்தைத் தட்டித் திறந்து கடைசிவரை பார்க்கப் பொறுமை உள்ளவர்கள் குறைவு.

எந்த மூன்றைப் போடுவது? அழகாக விழுந்ததை அல்ல, அடையாளம் காட்டுவதை. பினாங்கில் "மைனா" என்று மட்டும் எழுதினால் "எந்த மைனா?" என்ற கேள்விதான் திரும்பி வரும். சாதாரண மைனாவுக்கு உடல் பழுப்பு, தலை கறுப்பு, கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல். ஜாவா மைனா உடல் முழுக்கக் கருஞ்சாம்பல். அலகுக்கு மேலே நெற்றியில் குட்டையாக ஒரு கொண்டை நிற்கும். கண்மணியைச் சுற்றியுள்ள வளையமே மஞ்சள், ஆனால் கண்ணுக்கு வெளியே மஞ்சள் தோல் கிடையாது. பறக்கும்போது சிறகில் தெரியும் வெள்ளைத் திட்டு இரண்டுக்குமே உண்டு. ஆகவே பறக்கும் படம் எவ்வளவு கச்சிதமாக இருந்தாலும் வழக்கைத் தீர்க்காது. தலை பக்கவாட்டில் தெரியும் சுமாரான படம் தீர்த்துவிடும். இரண்டையும் போடுங்கள்.

வண்ணத்துப்பூச்சிக்கு இறக்கையின் மேற்பக்கமும் அடிப்பக்கமும் வேண்டும். செடி என்றால் பூவை மட்டும் நெருக்கமாக எடுத்துவிட்டு வந்துவிடுகிறார்கள். இலை தண்டில் எதிரெதிராக இருக்கிறதா, மாறிமாறி இருக்கிறதா என்று தெரியாமல் பெயர் சொல்ல முடியாது. பூ, இலை, முழுச்செடி என்று மூன்றும் தேவை. பாம்புக்கு இந்த விதி எதுவும் வேண்டாம். தூரத்தில் நின்று எடுத்த ஒரே படம் போதும்.

அடுத்தது கிராப், அதாவது படத்தின் ஓரங்களை வெட்டுவது. பலர் தவறுவது இங்கேதான், கணக்கைப் போட்டுப் பார்த்தால் காரணம் புரியும். 24 மெகாபிக்சல் கேமராவில் படத்தின் அகலம் 6000 பிக்சல். தூரத்துக் கிளையில் இருக்கும் மீன்கொத்தி அதில் 600 பிக்சலைப் பிடித்திருக்கிறது என்று வையுங்கள். கிராப் செய்யாமல் அனுப்பினால் வாட்ஸ்அப் சாதாரணத் தரத்தில் நீள்பக்கத்தை ஏறக்குறைய 1600 பிக்சலுக்குக் குறைக்கும். உங்கள் மீன்கொத்தி 160 பிக்சலாகிவிடும். பார்ப்பவர் விரலால் பெரிதாக்கினால் நீலக் கட்டிகள்தான் தெரியும். அதே படத்தை முன்கூட்டியே 1500 பிக்சல் அகலத்துக்கு வெட்டி அனுப்பினால் பறவை 600 பிக்சலோடு அப்படியே போய்ச் சேரும். முழுக்காட்சியும் வேண்டுமென்றால் நீள்பக்கத்தை 2048 பிக்சலுக்குக் குறைத்து, ஜேபெக் தரம் 80 முதல் 85க்குள் வைத்து, அனுப்பும்போது எச்டி என்பதைத் தேர்ந்தெடுங்கள். கேமராவின் நிற அமைப்பை அடோபி ஆர்ஜிபியில் வைத்திருப்பவர்கள் ஏற்றுமதி செய்யும்போது, பெரும்பாலான திரைகளுக்குப் பொருந்தும் எஸ்ஆர்ஜிபிக்கு மாற்றுங்கள். இல்லாவிட்டால் சில திரைகளில் பச்சைக் காடு வெளிறிப்போய்த் தெரியும்.

வெளிச்சம், நிறம், கூர்மை எல்லாம் ஸ்னாப்சீடு போன்ற படத்திருத்தச் செயலியில் சரிசெய்யலாம், தவறில்லை. மங்கலான படத்தைச் செயற்கை நுண்ணறிவுச் செயலியில் போட்டுத் தெளிவாக்குவதுதான் தவறு. அது இல்லாத இறகை வரைந்து வைக்கும், அந்த இறகைப் பார்த்துக் குழு தவறான பெயர் சொல்லும். மங்கலான படம் மங்கலாகவே வரட்டும். குறுக்கே நின்ற கிளையை அழித்திருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள்.

படத்தோடு வரும் குறிப்பு இப்படி இருந்தால் போதும்: "வெண்மார்பு மீன்கொத்தி. தாவரவியல் பூங்கா, ஓடைக்கரை. 14-6-2025, காலை 8.10. ஒன்று மட்டும். பல்லியைக் கல்லில் அடித்துக்கொண்டிருந்தது." என்ன, எங்கே, எப்போது, எத்தனை, என்ன செய்தது. லென்ஸ் விவரம் கேட்டால் சொல்லலாம். பெயர் உறுதியில்லை என்றால் கேள்விக்குறி போடுங்கள், வெட்கம் ஒன்றுமில்லை. தமிழ்ப் பெயரோடு மலாய்ப் பெயரும் அறிவியல் பெயரும் சேர்ந்தால் நல்லது. ஒரே பறவைக்கு நம் வீட்டில் ஒரு பெயர், தமிழ்நாட்டு நூலில் ஒரு பெயர் என்று இருக்கும். அறிவியல் பெயர் இருந்தால் குழப்பம் இல்லை.

நேரத்தில் ஒரு பொறி இருக்கிறது. தமிழ்நாடு போய்வந்த கேமராவின் கடிகாரத்தை மாற்றாமல் விட்டால் மலேசிய நேரத்துக்கு இரண்டரை மணி பின்தங்கியிருக்கும். காலை 7.30க்கு எடுத்த தேன்சிட்டு விடியற்காலை 5.00 மணிக்கு நல்ல வெயிலில் உட்கார்ந்திருப்பதாகக் கோப்பு சொல்லும். ஊர் திரும்பியதும் முதலில் கடிகாரத்தைப் பாருங்கள்.

இனி இடம். இதில்தான் நிதானம் அதிகம் வேண்டும். மைனா, காகம், உடும்பு போன்றவற்றுக்கு இடத்தை மறைப்பது வீண் வேலை. முராய் பத்து (ஷாமா) என்ற பறவையின் விஷயம் வேறு. பாட்டுக்காகக் கூண்டில் அடைக்கப் பிடிக்கப்படும் பறவை அது. எந்தப் பாதையில், எந்தத் திருப்பத்தில் கூவியது என்று எழுதினால் அது வலை விரிக்கிறவனுக்கும் வழிகாட்டி. ஆந்தை தங்கும் மரம், இருவாச்சியின் கூட்டுப்பொந்து, தேவாங்கு ஆகியவற்றுக்கும் "பினாங்குத் தீவு" என்பதற்கு மேல் எழுத வேண்டாம். கூட்டுப் படம் எதுவானாலும் குஞ்சு பறந்த பிறகு போடலாம். கூட்டை மறைக்கும் இலையை விலக்கியோ கிளையை வெட்டியோ எடுத்த படத்தை ஒருபோதும் பாராட்டாதீர்கள். அந்த இடைவெளி வழியாக வெயிலும் காகமும் உள்ளே வரும்.

நீங்கள் எழுதாவிட்டாலும் படம் சொல்லிவிடக்கூடும். பின்னணியில் அறிவிப்புப் பலகை, விளக்குக் கம்பத்தின் எண், கோவில் கோபுரம் தெரிகிறதா என்று பாருங்கள். கோப்புக்குள்ளும் எடுத்த இடத்தைக் காட்டும் ஜிபிஎஸ் குறிப்பு ஒளிந்திருக்கும். வாட்ஸ்அப்பில் சாதாரணப் படமாக அனுப்பினால் அந்தக் குறிப்பு உதிர்ந்துவிடும். தரம் குறையக் கூடாது என்று ஆவணமாக அனுப்பினால் அது முழுசாகப் போய்ச் சேரும். ஆவணமாக அனுப்பும் முன் ஐபோனில் பகிரும் திரையின் மேலே விருப்பங்கள் என்பதைத் தட்டி இடத்தை அணைக்கலாம். விண்டோசில் கோப்பின் பண்புகளில் தனிப்பட்ட தகவலை நீக்கும் வழி உண்டு. நகலில் மட்டும் நீக்குங்கள், மூலத்தில் அது இருக்கட்டும். ஐநேச்சுரலிஸ்ட் என்ற உயிரினப் பதிவுத் தளத்தில் பதிவு செய்யும்போது இடமும் நேரமும் அந்த மூலத்திலிருந்துதான் தானாக நிரம்பும்.

அந்தத் தளத்தில் இடத்தைத் திறந்த நிலையில் வைக்கலாம், மங்கலாக்கலாம், முழுக்க மறைக்கலாம். மங்கலாக்கினால் புள்ளியை 0.2 டிகிரிக்கு 0.2 டிகிரி கட்டத்துக்குள், அதாவது சுமார் 22 கிலோமீட்டர் சதுரத்துக்குள், எங்காவது வீசிவிடும். நம் தீவின் அளவுக்கு அது பெரிய சதுரம். கொடிமலையில் எடுத்த படத்தின் புள்ளி கடலில் மிதந்தால் பதற வேண்டாம், அதன் வேலையே அதுதான். இன்னொன்று, பூங்காவில் நட்டு வளர்த்த மரத்தைப் பதிந்தால் வளர்ப்பு என்று குறியிடுங்கள். 1884இல் தொடங்கிய தோட்டம் அது. எங்கெங்கிருந்தோ கொண்டுவந்து வைத்த மரங்கள் அங்கே ஏராளம், எல்லாம் காட்டு மரம் அல்ல.

பிறர் படத்தை இன்னொரு குழுவுக்குத் தள்ளுவதற்கு முன் எடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். உங்கள் படத்தில் உங்கள் பெயர் பொறிப்பதென்றால் மூலையில் சிறியதாக, பறவையின் மார்புக்குக் குறுக்கே அல்ல. குரங்குக்குத் தீனி கொடுத்து எடுத்த படத்தைக் குழுவில் ஏற்காதிருப்பது நல்ல வழக்கம்.

பெயர் தவறு என்று யாராவது திருத்தினால் வாட்ஸ்அப்பில் குறிப்பை மாற்ற 15 நிமிடம்தான் அவகாசம். அது கடந்துவிட்டால் படத்தை அழித்துவிட்டு மறுபடி போடாதீர்கள், கீழே நடந்த உரையாடல் தலையில்லாமல் நிற்கும். அதே படத்துக்கு மறுமொழியாகச் சரியான பெயரையும், எதை வைத்து அது என்று தெரிந்தது என்பதையும் ஒரு வரியில் எழுதுங்கள்: "ஜாவா மைனாதான். கண்ணைச் சுற்றி மஞ்சள் தோல் இல்லை." ஐநேச்சுரலிஸ்டிலும் போய் உங்கள் பழைய பெயரை மாற்றிவிடுங்கள். நீங்கள் முதலில் கொடுத்த தவறான பெயரும் அங்கே ஒரு வாக்காக எண்ணப்பட்டுக்கொண்டிருக்கும்.