ஆங்கிலக் கிராமத்துத் துப்பறியும் நாவல்களை வாசிக்கத் தொடங்குவது எப்படி?

அகதா கிறிஸ்டி 1930ஆம் ஆண்டு வெளியிட்ட 'தி மர்டர் அட் தி விகாரேஜ்' நாவலிலிருந்து தொடங்குங்கள். மிஸ் மார்ப்பிள் என்னும் முதிய பெண்மணி துப்பறியும் முதல் நாவல் அதுதான். கதை நடக்கும் செயின்ட் மேரி மீட் கற்பனைக் கிராமமே என்றாலும், பாதிரியார் வீடும், தோட்டங்களும், தேநீர் வேளையின் ஊர்ப்பேச்சும் சேர்ந்து, சில பக்கங்களிலேயே அதை நாம் வாழ்ந்து பழகிய ஊராக்கிவிடுகின்றன.

அவசரமாகப் பக்கங்களைப் புரட்டாதீர்கள். நூலில் உள்ள வரைபடத்தை விரலால் தொடர்ந்து, எந்தத் தோட்டத்தில் நின்றால் எந்தப் பாதை கண்ணில் படும் என்று பாருங்கள். பாதிரியாரின் படிப்பறைக் கடிகாரம் வேண்டுமென்றே கால் மணி நேரம் முன்னதாக வைக்கப்பட்டிருப்பது போன்ற சிறு தகவல்களையும் ஒரு தாளில் குறித்துக்கொள்ளுங்கள். கொலை நடந்த நேரத்தைக் கணக்கிடும்போது அவை தேவைப்படும். இந்தப் பொறுமையான கவனிப்பில்தான் இவ்வகை நாவல்களின் இதம் இருக்கிறது என்பது என் உறுதியான எண்ணம். கொலை நிகழ்ந்தாலும் குரூரம் விரித்துரைக்கப்படுவதில்லை, ஆகவே உறங்கப்போகும் முன்பும் மனம் கலங்காமல் வாசிக்கலாம்.

முழு நாவலுக்கு நேரமில்லாதவர்கள், 1932இல் வெளிவந்த கிறிஸ்டியின் 'தி தர்ட்டீன் ப்ராப்ளம்ஸ்' தொகுப்பிலிருந்து நாளுக்கொரு சிறுகதை வாசிக்கலாம். எதை வாசித்தாலும், இறுதிப் பகுதிக்கு முன் நூலை மூடிவிட்டு, நீங்கள் ஐயுறும் நபரின் பெயரைக் காரணத்தோடு எழுதி வையுங்கள்.