தேயிலைக் கட்டையில் பேனை கடைவது: மரமும் மாண்ட்ரலும் மலைப்பனியும்

பழைய தேயிலையைப் பிடுங்கி மறுநடுகை செய்யும் மலைகளில் வெளிவரும் அடிக்கட்டைகள் பெரும்பாலும் அடுப்புக்குத்தான் போகின்றன. விதைத் தேயிலையின் அடிக்கட்டை மெதுவாகப் பருத்தது. இழை நெருக்கமாக இருக்கும், கூரான உளிக்கு வழவழவென்று சீவி வரும். கவ்வாத்துக் காயம் பட்ட இடங்களில் கறுத்த கோடுகளும் ஓடியிருக்கும். பேனை கடைய எனக்கு இதைவிடப் பிடித்த மரம் இல்லை. கிடைக்காதவர்கள் கொய்யாவையோ பலாவையோ எடுக்கலாம். தேயிலைக்கு நிழலுக்கு நிற்கும் சவுக்கு (கிரெவிலியா) மென்மையானது என்றாலும் அதன் பூவேலை அழகு.

உளி பிடிக்கும் முறையை இங்கே விளக்கப்போவதில்லை. கடைசல் தெரிந்த தச்சுப் பாஸ் (மேஸ்திரி) ஒருவரின் பக்கத்தில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தால் எழுத்தில் சொல்வதைவிட நன்றாகப் புரியும். ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். நம் ஊர்க் குளிருக்கு மப்ளரும் தொளதொளத்த ஸ்வெட்டரும் போட்டுக்கொண்டு லேத் (கடைசல் இயந்திரம்) முன்னால் நிற்காதீர்கள். சுற்றும் கம்பியில் (மரத்துண்டுகளைக் கோர்க்கும் இதுதான் மாண்ட்ரல்) துணி மாட்டினால் கையை இழுக்க நேரம் கிடைக்காது. கையுறையும் வேண்டாம். முகமூடிக் கண்ணாடியும் தூசி மாஸ்க்கும் கட்டாயம்.

மரத்தைக் காயவைத்தல்

ஈரக்கட்டையை அடுப்புக்கு மேலே பரணில் போட்டால் சீக்கிரம் காயும், ஆனால் நடுவிலிருந்து வெடிக்கும். இரு முனைகளிலும் மெழுகு உருக்கிப் பூசி, காற்றோட்டமான நிழலில் வையுங்கள். சமையலறைத் தராசில் வாரம் ஒருமுறை நிறுத்து எழுதிவாருங்கள். எடை குறைவது நின்றால் மரம் காய்ந்துவிட்டது. பிறகு நடுத்தண்டைத் தவிர்த்து 19 மி.மீ. சதுரமாக அறுங்கள்.

முதல் பேனைக்கு ஸ்லிம்லைன் கிட் (மெல்லிய திருகு பேனைக்கான உதிரிப்பாகத் தொகுதி) போதும். அதில் 7 மி.மீ. பித்தளைக் குழாய்கள் இரண்டு இருக்கும். ஒவ்வொரு துண்டையும் குழாயைவிட 3 மி.மீ. கூடுதலாக வெட்டுங்கள், ஏனென்றால் டிரில் வெளியே வரும் முனை சிதறும். துளைக்கும்போது வேகம் குறைவாக இருக்கட்டும். பிட்டை அடிக்கடி வெளியே எடுத்துத் தூளைத் தட்டுங்கள். தேயிலைக் கட்டை சூடேறினால் துளைக்குள்ளேயே விரிசல் விடும், அது கடைந்து முடிக்கும்வரை கண்ணுக்குத் தெரியாது.

குழாயின் வெளிப்புறத்தைச் சேண்ட் பேப்பரால் சொரசொரப்பாக்குங்கள். பசை உள்ளே போகாமலிருக்க, பச்சை உருளைக்கிழங்கு வில்லையில் குழாயின் முனையைக் குத்தி எடுத்தால் அதுவே மூடியாகிவிடும். ஒட்டுவதற்கு எபொக்சிதான் என் தெரிவு. சூப்பர் குளூ பாதி வழியில் இறுகி, குழாய் நடுவில் சிக்கிக்கொள்ளும். பெட்டியில் ஐந்து நிமிடம் என்று போட்டிருந்தாலும் நுவரெலியாக் குளிரில் அதை நம்ப வேண்டாம், ஒரு இரவு விட்டுவிடுங்கள். பிறகு மரத்தின் முனைகளைக் குழாயோடு மட்டமாக்க டிரிம்மரால் சீவுங்கள். பித்தளை மினுங்கியதும் நிறுத்திவிட வேண்டும். குழாய் குட்டையானால் பேனையின் திருகு சரியாக உட்காராது.

மாண்ட்ரல்: என்னை அதிகம் நிறுத்திவைத்த இடம்

கடைந்து முடித்த பேனையில் மரம் ஒரு பக்கம் தடித்தும் மறுபக்கம் மெலிந்தும், உலோக வளையத்தோடு சேராமல் விரல் நகம் தட்டுப்படுகிறதா? பலரும் தங்கள் கையைத்தான் குறை சொல்வார்கள். கை காரணமில்லை. சுற்றும் மரத்தில் உளி வட்டத்தைத் தவிர வேறொன்றையும் வெட்டாது. அந்த வட்டத்தின் மையமும் குழாயின் மையமும் ஒன்றாக இல்லை என்பதுதான் கோளாறு. அதை லேத்தில் தேடுங்கள்.

முதலில் இறுக்கத்தைப் பாருங்கள். மரத்துண்டுகளையும், எந்த அளவுக்குக் கடைய வேண்டும் என்று காட்டும் உலோக வளையங்களான புஷிங்குகளையும் கோர்த்த பிறகு மாண்ட்ரல் முனையின் நட்டை விரலால் மட்டும் திருகுங்கள். ஸ்பேனர் தொடவே கூடாது. டெயில்ஸ்டொக்கை (லேத்தின் நகரும் பின்பகுதி) நகர்த்தி, அதிலுள்ள சுழலும் சென்டர் (கூர்முனை) மாண்ட்ரல் முனையைத் தொட்டுத் தானும் சுற்றத் தொடங்கும் இடத்தில் பூட்டுங்கள். அதற்கு மேல் அரைத் திருகு கூடினாலும் அந்த மெல்லிய கம்பி நடுவில் வில்லாக வளையும்.

இறுக்கம் சரியாக இருந்தும் ஆட்டம் போகவில்லையென்றால், எல்லாவற்றையும் கழற்றி வெறும் மாண்ட்ரலைக் கண்ணாடித் தட்டின் மேல் உருட்டுங்கள். அடியில் வெளிச்சம் வந்து வந்து போனால் கம்பி வளைந்துவிட்டது. நிமிர்த்த முயல வேண்டாம், புதிதாக வாங்குங்கள். கம்பி நேராக இருந்தால் ஹெட்ஸ்டொக்கின் (மோட்டர் சுற்றும் முன்பகுதி) மோர்ஸ் துளையை, அதாவது மாண்ட்ரல் பொருந்தும் கூம்புத் துளையைப் பாருங்கள். நம் பக்கத்து ஈரக்காற்றில் அதன் உள்சுவரில் மெல்லிய துரு படியும். ஒட்டிக்கொண்ட ஒரு சிறு மரத்தூளே மாண்ட்ரலைச் சாய்த்துவிடும். பிளக்கைக் கழற்றிவிட்டு, குச்சியில் சுற்றிய துணியால் துடையுங்கள். மின்சாரம் இருக்கும்போது விரலை உள்ளே விடவே கூடாது.

அடுத்து, முன்னும் பின்னும் கூர் சென்டர்களை மாட்டி ஒன்றையொன்று தொடும்வரை நகர்த்துங்கள். இரு முனைகளும் நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். சந்திக்காவிட்டால் டெயில்ஸ்டொக்கைத் தூக்கி அடியில் மரத்தூள் சேர்ந்திருக்கிறதா என்று பாருங்கள், பெரும்பாலும் அங்கேதான் இருக்கும். கடைசியாக, சுழலும் சென்டரின் கோணம் 60 பாகையா என்று உறுதிசெய்யுங்கள். மாண்ட்ரல் முனையிலுள்ள குழி அந்தக் கோணத்துக்கே செய்யப்பட்டது. சில லேத்துகளோடு வரும் சென்டருக்கு வேறு கோணம் இருக்கும்.

இவ்வளவையும் சரிபார்த்துப் பழகியவர்கள் மாண்ட்ரலையே விட்டுவிடலாம் என்பது என் உறுதியான கருத்து. இரு சென்டர்களுக்கு நடுவே கூம்பு புஷிங்குகளை வைத்து ஒவ்வொரு துண்டாகக் கடையும்போது வளைவதற்குக் கம்பியே இல்லை.

கடைவதற்கு எச்.எஸ்.எஸ். எஃகில் செய்த ரஃபிங் கோஜ் (சதுரத்தை உருண்டையாக்கும் குழி உளி) ஒன்றும் ஸ்கியூ உளி (சாய்ந்த முனை உளி) ஒன்றும் போதும். சாணை பிடிக்கத் தேவையில்லை என்பதால் கார்பைட் உளியைப் பலர் விரும்புகிறார்கள். அது சுரண்டுகிறது, ஸ்கியூ சீவுகிறது. தேயிலைக் கட்டையில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியும்.

மோட்டர் முனகினால்

சுவிட்சைப் போட்டதும் மோட்டர் உறுமிக்கொண்டு சுற்றாமல் நின்றால் உடனே அணைத்துவிடுங்கள். பிளக்கைக் கழற்றி, ஸ்பிண்டிலை (லேத்தின் சுற்றும் தண்டு) கையால் சுற்றிப் பாருங்கள். இறுக்கமாக இருந்தால் பெயாரிங்கையும் பெல்ட்டையும் பார்க்க வேண்டும். தாராளமாகச் சுற்றினால், சிங்கிள் ஃபேஸ் இண்டக்‌ஷன் மோட்டரில் முதல் சந்தேகம் கெப்பாசிட்டர் மீது. பிளக்கைக் கழற்றிய பிறகும் அதில் மின்னேற்றம் தங்கியிருக்கும், எனவே பழக்கமில்லாதவர்கள் மின்வேலை தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள். மாற்றும்போது அதே மைக்ரோஃபரட் அளவு, அதே அல்லது கூடிய வோல்ட் அளவு.

மாலையில் மட்டும் மோட்டர் சோர்கிறது என்றால் மெஷினைக் கழற்றாதீர்கள், வோல்டேஜை அளந்து பாருங்கள். மின்கம்பியின் கடைசியில் இருக்கும் தோட்ட லயங்களில் (தொழிலாளர் வரிசை வீடுகள்) சமையல் நேரத்தில் மின்னழுத்தம் விழும். 230 வோல்ட்டுக்குப் பதில் 190 வந்தால் மோட்டரின் முறுக்குவிசை ஏறக்குறைய மூன்றில் இரண்டாகச் சுருங்கும், சுருளும் சூடேறும். கடைவதைக் காலையில் வைத்துக்கொள்ளுங்கள்.

மெருகு

150 முதல் 600 வரை சேண்ட் பேப்பர். ஒவ்வொரு தாளுக்குப் பிறகும் லேத்தை நிறுத்தி, மர இழையின் வாக்கில் கையால் தேயுங்கள். பிறகு மெல்லிய சூப்பர் குளூவை டிஷ்யூவில் எடுத்து, மெல்லிய பூச்சுகளாகப் போடுங்கள்.

பின்சேர்க்கை: இதைப் படித்த பலரும் கேட்டது, பூச்சு ஏன் வெள்ளையாகப் பூக்கிறது என்பது. சூப்பர் குளூ காற்றிலுள்ள ஈரத்தால்தான் இறுகுகிறது. பனிமூட்டம் அறைக்குள் வரும் நாளில் அது அவசரமாக இறுகி மங்கிவிடும். கதவை மூடி அறையைச் சூடாக்குங்கள், ஸ்பிரே அடித்து விரைவுபடுத்தாதீர்கள். முடிந்தால் கடைந்து வைத்துவிட்டு, பூச்சை வரண்ட மாதங்களுக்குத் தள்ளுங்கள். ஹட்டன், நுவரெலியாப் பக்கம் சனவரியிலிருந்து மார்ச் வரை, பதுளை, பண்டாரவளைப் பக்கம் ஜூலையிலிருந்து செப்டம்பர் வரை. தரமான தேயிலை இறங்கும் அந்தந்தப் பருவமே பூச்சுக்கும் ஏற்ற பருவம்.

இன்னொன்று: பேனையைத் திருகினாலும் முனை போதிய அளவு வெளியே வரவில்லை என்று ஒரு தங்கை எழுதியிருந்தார். திருகுப் பகுதி குழாய்க்குள் போதிய ஆழம் இறங்கவில்லை. ரீஃபிலை மாட்டிப் பார்த்து, கழற்றி, வைஸில் மரத்துண்டுகளுக்கு நடுவே வைத்து மயிரிழை மயிரிழையாக அழுத்துங்கள். ஒவ்வொரு அழுத்தலுக்குப் பிறகும் ரீஃபிலை மாட்டிச் சரிபார்க்க வேண்டும். அதிகமாக இறங்கிவிட்டால் மரத்தைக் கீறாமல் அதை வெளியே எடுப்பது மிகக் கடினம்.